பேஸ்ட்டா, போர் தண்ணீரா: மகளின் பல் கறைக்கு எது காரணம்?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 34 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார், வாரம் ஒருமுறை வந்து போகிறார். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 4. மகளுக்குப் புதுப் பல் முளைக்கும்போதே முன்பற்களில் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை இருந்திருக்கிறது. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று இப்போது அவள் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாளாம். 8 மாதத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது: பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடு விஷம், பல்லைக் கறையாக்குவதும் அதுதான் என்று. அன்றைக்கே வீட்டிலிருந்த பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாமியார் அரைத்துத் தரும் கரி, உப்பு, கிராம்பு, ஓமம் கலந்த பொடிக்கு மாறிவிட்டார்கள்.

மகளின் கறை குறையவில்லை. மகனுக்கோ கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டில் கறுப்பாகக் குழி விழுந்திருக்கிறது, ராத்திரியில் வலி என்று அழுகிறான். "விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்கு டாக்டர்?" என்று கேட்கிறார் மாமியார். கடிதம் எழுதியவருக்கும் சில மாதங்களாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. பக்கத்துக் கடையில் ஒரு பேஸ்ட் ட்யூபின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, "இதில் எதெல்லாம் கெடுதல்? அடியில் கறுப்புக் கட்டம் இருந்தால் முழுக்க கெமிக்கல் என்கிறார்களே, உண்மையா? பையன் பல்லைப் பிடுங்கிவிடலாமா? பெண்ணின் கறை போகுமா?" என்று கேட்டிருக்கிறார். "நான்தான் பேஸ்ட் வாங்கிக் கொடுத்து என் பெண்ணின் பல்லைக் கெடுத்துவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை" என்ற வரியோடு கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் பல்லை நீங்கள் வாங்கிக் கொடுத்த பேஸ்ட் கெடுக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்தக் கறை பெரும்பாலும் ஃபுளோரோசிஸ். அது ஃபுளோரைடால் வருவதுதான், அதுவரை வீடியோ சொன்னது சரி. ஆனால் உங்கள் பகுதியில் அது வரும் வழி பேஸ்ட் ட்யூப் அல்ல, நிலத்தடித் தண்ணீர். நான் சேலத்தில் 20 வருடத்துக்கு மேலாகப் பல் பார்க்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளின் முன்பற்களைப் பார்த்ததும் "உங்க வீட்டில் குடிக்கிறது போர் தண்ணியா?" என்றுதான் முதலில் கேட்பேன். அங்கே பாறையில் உள்ள ஃபுளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் இறங்குகிறது. இது நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. அப்போதைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கம் இந்த நோய் இருப்பதை 1937-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நிரந்தரப் பற்களின் மேல் இருக்கும் எனாமல், பல் வெளியே வருவதற்கு வெகு முன்பே தாடைக்குள் உருவாகிவிடுகிறது. உங்கள் மகளின் முன்பற்கள் 6, 7 வயதில் முளைத்திருக்கும். ஆனால் அவற்றின் எனாமல் உருவானது அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து 4, 5 வயது வரை. அந்த வயதில் குடித்த தண்ணீரிலும் சாப்பாட்டிலும் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருந்தால், எனாமல் கெட்டிப்படாமல் நுண்ணிய துளைகளோடு உருவாகும். முளைக்கும்போது வெள்ளைத் திட்டாகவோ கோடாகவோ தெரியும், போகப்போக அந்தத் துளைகளில் நிறம் ஏறிக் காவியாகிவிடும். முளைக்கும்போதே கறை இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக, 8 மாதத்துக்கு முன் பேஸ்ட்டை நிறுத்தியதால் அது மறையவும் செய்யாது. 10 வயதில் பேஸ்ட் தேய்ப்பதால், முளைத்து நிற்கிற பல்லில் இனிமேல் ஃபுளோரோசிஸ் வரவும் செய்யாது.

இங்கே எனக்கு உங்கள் பையனைப் பற்றித்தான் அதிகக் கவலை. அவனுக்கு 4 வயது. அவனுடைய நிரந்தரப் பற்கள் பலவற்றின் எனாமல் இப்போதுதான் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. கிட்டத்தட்ட 8 வயது வரை இந்த வேலை நடக்கும். முன்பற்களில் இந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும், ஆனால் மற்றப் பற்களில் அக்காவுக்கு வந்ததுபோல் கறை வருமா வராதா என்பது இந்த மூன்று நான்கு வருடம் அவன் குடிக்கும் தண்ணீரில் இருக்கிறது. பேஸ்ட்டை நிறுத்திய 8 மாதமும் அவன் அதே தண்ணீரைத்தான் குடித்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் நாட்டில் பல் தேய்க்கும் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதாவது ஒரு கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராம். பச்சைப் பட்டாணி அளவு பேஸ்ட் சுமார் கால் கிராம் இருக்கும். அதில் உள்ள ஃபுளோரைடு கால் மில்லிகிராம். காலையும் இரவும் தேய்த்து, துளிகூடத் துப்பாமல் பையன் முழுவதையும் விழுங்கினாலும் நாளைக்கு அரை மில்லிகிராம்தான்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவு. உங்கள் போர் தண்ணீரில் 3 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பையன் ஒரு லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராம். அதோடு முடியவில்லை. சோறு வடிப்பதும், களி கிண்டுவதும், குழம்பு வைப்பதும் அந்தத் தண்ணீரில்தானே? டீத்தூளிலும் இயல்பாகவே ஃபுளோரைடு உண்டு. பேஸ்ட்டில் இருப்பது பல்லில் பட்டு வெளியே துப்பப்படுவது. தண்ணீரில் இருப்பது அப்படியே ரத்தத்துக்குப் போய், உருவாகும் பல்லிலும் எலும்பிலும் சேர்வது. அந்த வீடியோ எடுத்தவர் இரண்டுக்கும் பேர் ஒன்று என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். வருடக்கணக்கில் இப்படித் தண்ணீர் குடித்தால் பெரியவர்களுக்கு முதுகு, மூட்டு விறைத்துப்போகும் எலும்பு ஃபுளோரோசிஸும் வரலாம். அதனால் இது பிள்ளைகளுக்கு மட்டுமான விஷயமும் இல்லை.

அதற்காகப் பேஸ்ட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு ஒரே நேரத்தில் உள்ளே போனால் அது ஆபத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 15 கிலோ பையனுக்கு அது 75 மில்லிகிராம். 100 கிராம் ட்யூபில் 100 மில்லிகிராம் இருக்கிறது. ஸ்ட்ராபெரி வாசனைப் பேஸ்ட்டை மிட்டாய் மாதிரி உறிஞ்சுகிற குழந்தைகள் உண்டு. ட்யூபை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எப்போதாவது நிறைய தின்றுவிட்டால் பால் குடிக்கக் கொடுத்துவிட்டு, ட்யூபையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வது?

கொதிக்க வைத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைந்து, ஃபுளோரைடு இன்னும் செறிவாகும். சாதாரண கேண்டில் ஃபில்டரிலும் துணியிலும் வடிகட்டினால் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும். மழைநீரைச் சுத்தமாகப் பிடித்துச் சேமித்தால் அதில் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஆனால் முதல் வேலை சோதனை. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்து, சோதிக்கப்போகும் தண்ணீராலேயே இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். எந்தக் குழாய், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். வீட்டு போருக்கு ஒரு பாட்டில், தெருக்குழாய்க்கு ஒரு பாட்டில். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே, இந்தக் காரணத்துக்காகவே வந்ததுதான் 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். உங்கள் தெருக்குழாயில் வருவது முழுக்கக் காவிரித் தண்ணீரா, மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரோடு கலந்து விடுகிறார்களா என்று தண்ணீர் திறந்துவிடுபவரிடம் கேளுங்கள். இதைக் கேட்பது உங்கள் உரிமை. ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஊராட்சியிலும் கிராம சபையிலும் கேட்டால், "தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

நல்ல தண்ணீர் குறைவாகத்தான் கிடைக்கிறது என்றால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீர் போதும், தோல் வழியாக ஃபுளோரைடு ஏறாது. பால், தயிர், கேழ்வரகு, கீரை தாராளமாகக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்து வயிற்றில் ஃபுளோரைடைப் பிடித்துவைத்து, உடம்பில் சேர்வதைக் கொஞ்சம் குறைக்கும்.

ட்யூபின் பின்பக்கம்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் கால்சியம் கார்பனேட். நம் சுண்ணாம்புக்கல் வகைதான், நன்றாகப் பொடித்து அழுக்கைத் தேய்த்தெடுக்கச் சேர்ப்பது. சார்பிட்டால் பேஸ்ட் காய்ந்து கட்டியாகாமல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், இனிப்பும் தரும். பல்லில் உள்ள கிருமிகளால் அதைச் சர்க்கரை அளவுக்கு அமிலமாக்க முடியாது. காராஜீனன் கடல்பாசியிலிருந்து எடுக்கும் பசை, தண்ணீர் தனியே பிரியாமல் இருக்க. சோடியம் சாக்கரின் இனிப்புக்கு. இவற்றில் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

சோடியம் லாரில் சல்பேட்டைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள், ஷாம்பூவில் போடுவதாயிற்றே என்று. ஆமாம், நுரைக்காகத்தான் போடுகிறார்கள். பேஸ்ட்டில் இருக்கும் அளவு பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களுக்கு மட்டும் நான் அது இல்லாத பேஸ்ட்டை எழுதிக் கொடுப்பேன், சிலருக்குப் புண் வருவது குறைகிறது. நுரை நிறைய வந்தால் பல் நிறையச் சுத்தமாகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கடைசிக்கு முந்தைய வரியில் சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்று இருக்கிறது. இதுதான் ஃபுளோரைடு. வேறு சில பேஸ்ட்டில் சோடியம் ஃபுளோரைடு என்று இருக்கும். கால்சியம் கார்பனேட் உள்ள பேஸ்ட்டில் சாதாரண சோடியம் ஃபுளோரைடைப் போட்டால் இரண்டும் ட்யூபுக்குள்ளேயே ஒன்று சேர்ந்து பயனில்லாமல் போய்விடும், அதனால்தான் இந்த வகை. ஃபுளோரைடு சேர்த்த பேஸ்ட்டில் எத்தனை பிபிஎம் என்பதையும் காலாவதித் தேதியையும் ட்யூபில் அச்சிட்டே ஆக வேண்டும். வாங்கும்போது இந்த இரண்டைப் பாருங்கள். பிள்ளைகளுக்கான பேஸ்ட் என்று விற்பதில் பலவற்றில் ஃபுளோரைடே இருக்காது, சிலவற்றில் 500 பிபிஎம் அளவில் இருக்கும். படம் போட்ட டப்பாவைப் பார்த்து வாங்கினால் இது தெரியாது.

அடியில் இருக்கும் அந்த வண்ணக் கட்டத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் கெமிக்கல் என்பதெல்லாம் யாரோ கட்டிவிட்டது. ட்யூப் நீளமான ஒரு சுருளில் வரிசையாக அச்சாகி வரும். எந்த இடத்தில் வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் திருப்பி மூட வேண்டும் என்று இயந்திரத்தின் கண்ணுக்குக் காட்டும் குறி அது. ட்யூபின் நிறத்திலிருந்து தனித்துத் தெரிகிற ஏதோ ஒரு நிறத்தில் போடுவார்கள், அவ்வளவுதான்.

அத்தையின் பொடி

உங்கள் மாமியார் அக்கறையோடு அரைத்துத் தருகிறார் என்பது புரிகிறது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று கேட்டு வளர்ந்தவர்கள். வேப்பங்குச்சியையும் ஆலங்குச்சியையும் நான் குறைசொல்ல மாட்டேன். நுனியை நன்றாக மென்று நாராக்கி, ஈறைக் கிழிக்காமல் தேய்த்தால் அழுக்கு போகும். ஆனால் கரியும் உப்பும் அப்படியில்லை. வீட்டில் அரைக்கும் கரி எவ்வளவு மாவாகத் தெரிந்தாலும் அதில் சொரசொரப்பான துகள் இருக்கும். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று தெரியும். அந்த நறநறப்பு தினமும் இரண்டு வேளை எனாமலைத் தேய்க்கிறது. எனாமலில் உயிரணு கிடையாது, தேய்ந்தால் மறுபடி வளராது. அடியிலிருக்கும் டென்டின் மஞ்சளாக வெளியே தெரியும், கூச்சமும் வரும். ஈறு இறங்கிய இடத்தில் வேர்ப்பகுதி இன்னும் மென்மையானது, அங்கே பள்ளமே விழுந்துவிடும். உங்களுடைய கூச்சம் "சில மாதங்களாக" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பொடிக்கு அதில் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பொடியை இன்றோடு நிறுத்துங்கள். மென்மையான நார் உள்ள பிரஷ் வாங்கி, பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சத்துக்கான பேஸ்ட் ஒன்றை, ஃபுளோரைடும் இருப்பதாகப் பார்த்து, காலையும் இரவும் தேயுங்கள். இரண்டு நாளில் பலன் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் தேய்த்துப் பாருங்கள். அப்புறமும் கூசினால், அல்லது ஒரே ஒரு பல் மட்டும் கூசினால், அங்கே பள்ளமோ சொத்தையோ இருக்கலாம், அடைக்க வேண்டிவரும்.

அத்தையிடம் ஒன்று மட்டும் விசாரித்துவிடுங்கள்: சந்தையில் பொட்டலமாக வாங்கும் பல்பொடி எதையாவது கலக்கிறாரா? பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்ப்பதை 1992-லேயே இந்திய அரசு தடை செய்தது. ஆனாலும் பல் வலிக்கு இதமாக இருக்கிறது என்று புகையிலைப் பொடி தேய்க்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பேர், தயாரிப்பு விவரம் எதுவும் அச்சிடாத பொட்டலம் எதையும் பிள்ளைகள் வாயில் வைக்கவே கூடாது.

பையனின் பல்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரியில் தானாக வலிக்கிறது என்றால் சொத்தை நரம்பு வரை போயிருக்க வாய்ப்பு அதிகம். "விழுந்து முளைக்கிற பல்" என்று அத்தை சொல்வது முன்பல்லுக்கு ஓரளவு பொருந்தும். அது 6, 7 வயதில் விழுந்துவிடும். ஆனால் பால் கடைவாய்ப் பல் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியது. உங்கள் பையன் இன்னும் 6, 7 வருடம் அதில்தான் மென்று சாப்பிட வேண்டும். அடியில் சீழ் வைத்தால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கும் பாதிப்பு வரலாம். முன்னதாகவே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், பின்னால் முளைக்கும் பல் கோணலாகும். அதனால் பிடுங்குவது கடைசி வழி. முடிந்தவரை பால் பல்லுக்கான வேர் சிகிச்சை செய்து, மேலே உலோக உறை போட்டுக் காப்பாற்றப் பார்ப்போம். முடியாமல் பிடுங்கினால், அந்த இடம் மூடாமல் இருக்க ஒரு வளையம் பொருத்தச் சொல்லிக் கேளுங்கள். வலி இன்னும் வராத சின்னச் சொத்தைகளுக்கு, சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தொட்டுவைத்தே பரவாமல் நிறுத்தலாம். ஊசி, டிரில் எதுவும் வேண்டாம். அந்த இடம் கறுப்பாகிவிடும், அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

செலவைப் பற்றிப் பயந்து எழுதியிருந்தீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்ட மருத்துவக் குழு பிள்ளைகளின் பல்லையும் பார்த்து, தேவையானால் மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் வரும் நாளை அங்கன்வாடியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வலியோடு இருக்கும் பையனை அந்த நாள்வரை காக்க வைக்காதீர்கள். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கச் சிரமப்பட்டாலோ அன்றைக்கே போக வேண்டும்.

அதுவரை வலிக்கு அவன் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைக்காதீர்கள். கிராம்பில் உள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்வது உண்மைதான், நாங்களே பல் அடைக்க அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் நேரடியாக வைத்தால் குழந்தையின் ஈறும் கன்னமும் வெந்து புண்ணாகும். மாத்திரையைப் பொடித்துப் பல்லில் வைப்பதும் அப்படித்தான்.

இந்தச் சொத்தை ஏன் வந்தது? பொடியால் மட்டும் வரவில்லை. மூன்று வயது வரை சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குவான் என்று கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அங்கேதான் ஆரம்பம். இனிப்பு வாயில் படும் ஒவ்வொரு முறையும் கிருமிகள் அதை அமிலமாக்கும், அமிலம் எனாமலிலிருந்து சுண்ணாம்பையும் பாஸ்பேட்டையும் கரைத்தெடுக்கும். பிறகு எச்சில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்க்கும். தூங்கும்போது எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் ராத்திரி இனிப்புதான் பல்லுக்குப் பெரிய எதிரி. பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடு இந்தத் திரும்பச் சேர்க்கும் வேலையை வேகப்படுத்தி, சேர்ந்ததை அமிலம் எளிதில் கரைக்காதபடி உறுதியாக்கும். அதற்காகத்தான் அது பேஸ்ட்டில் இருக்கிறது. பல்லின் மேல் படுவதுதான் வேலை செய்கிறது, விழுங்க வேண்டியதே இல்லை. பொடிக்கு மாறிய 8 மாதத்தில் அவனுக்கு இந்தத் துணை இல்லாமல் போயிற்று. இதை உங்கள்மேல் பழி போடச் சொல்லவில்லை, இன்று ராத்திரியிலிருந்தே சரிசெய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவனுக்குப் பல் தேய்த்துவிடுவது இப்படி

நீங்கள் பாயில் உட்கார்ந்து, அவன் தலையை உங்கள் மடியில் மல்லாக்க வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் வெளிச்சம் விழ வேண்டும். ஒரு விரலால் மேலுதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் கோட்டைப் பாருங்கள். அங்கே சுண்ணாம்பு பூசினதுபோல் மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். குழி விழாத அந்தக் கட்டத்தில் ஒழுங்காகத் தேய்த்தாலே திரும்பிச் சரியாகும். குழி விழுந்துவிட்டால் ஆகாது. அதனால் மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

பேஸ்ட் எவ்வளவு? மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு என்பது பொதுவான அளவு. உங்கள் ஊர்த் தண்ணீர் என்ன என்று தெரியும்வரை உங்கள் பையனுக்குப் பட்டாணியில் பாதி போதும் என்பது என் கருத்து. 1000 பிபிஎம் பேஸ்ட்டாக இருக்கட்டும். ஃபுளோரைடு அதிகமுள்ள ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு பேஸ்ட்டே வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. சொத்தையே இல்லாத, துப்பவும் தெரியாத குழந்தை என்றால் நானும் அதை யோசிப்பேன். இவனுக்கு ஏற்கெனவே இரண்டு பல் போயிருக்கிறது, அதனால் அளந்து போட்டுத் தேய்ப்பதே நல்லது. பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்குவதெல்லாம் விளம்பரத்தில் பார்த்துப் பழகியது, பெரியவர்களுக்கும் அவ்வளவு தேவையில்லை.

பிரஷை ஈறுக்கோட்டில் சாய்த்துவைத்து, சின்னச் சின்ன வட்டமாக, இரண்டு நிமிடம். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தில் முன்னும் பின்னுமாக. முடித்ததும் அவனை உட்கார வைத்து நன்றாகத் துப்பச் சொல்லுங்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பது நம் வீடுகளில் பழக்கம், அது பல்லில் ஒட்டியிருக்கும் ஃபுளோரைடையும் கழுவிவிடும். துப்பிவிட்டு ஒரே ஒரு வாய் தண்ணீர் போதும். ராத்திரி தேய்த்தபின் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. காலையில் அவனே தேய்க்கட்டும், ராத்திரி நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும். 7, 8 வயது வரை பிள்ளைகளின் கைக்கு அந்த நிதானம் வராது. 6 வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது முளைத்ததும் ஒருமுறை காட்டுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் மேலே மெல்லிய பூச்சு போட்டு மூடிவிடலாம்.

மகளுக்கு

கறை தேய்த்துப் போவதல்ல, அது எனாமலுக்குள் இருக்கிறது. எலுமிச்சம்பழமும் ஆப்ப சோடாவும், வெள்ளையாக்கும் பொடிகளும் அவள் பல்லுக்கு வேண்டாம். ஏற்கெனவே துளையுள்ள எனாமலை எலுமிச்சை அமிலம் இன்னும் அரிக்கும். எங்களிடம் வழி இருக்கிறது. கறை மேலோட்டமாக இருந்தால் மருத்துவர் கட்டுப்பாட்டோடு மெல்லிய மேல்படலத்தை மட்டும் எடுத்துக் கறையைக் குறைப்பார். சில பற்களில் துளைக்குள் பிசின் ஊறவைத்து நிறத்தைச் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் பல் நிறத்திலேயே மேல்பூச்சு போடலாம். பல்லைச் செதுக்கி உறை போடுவது 10 வயதில் வேண்டாம். பல்லின் நரம்பு அறை இந்த வயதில் பெரிதாக இருக்கும், ஈறும் இன்னும் இறங்கிச் சீராகும். அதை யாராவது இப்போதே செய்யலாம் என்றால், கொஞ்சம் வளரட்டும் என்று சொல்லிவிடுங்கள். மென்மையான வழிகளுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அவள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதே போதுமான காரணம். ஃபுளோரோசிஸ் உள்ள பல்லுக்குச் சொத்தை வராது என்று நினைத்தும் விட்டுவிடாதீர்கள், வரும். அவளும் பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட்டில் இரண்டு வேளை தேய்க்கட்டும்.

இன்னொன்றையும் அவளிடம் நீங்களே சொல்லுங்கள். அழுக்காக இருப்பதால், சரியாகத் தேய்க்காததால் வந்த கறை இல்லை இது. நிலத்திலிருந்து தண்ணீர் வழியாக வந்தது. அவள் வகுப்பில் இன்னும் சிலருக்கும் இப்படி இருக்கும், கேட்டுப் பாருங்கள். இருந்தால் அந்த வீட்டுப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு அந்தத் தண்ணீர்ப் பாட்டில்களை ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். நாலைந்து வீட்டு அறிக்கை ஒன்றாகப் போனால் ஊராட்சியில் கேட்கும் குரலே வேறு.

வரிசை இதுதான்: பையனை இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதே பயணத்தில் தண்ணீர்ப் பாட்டில்களையும் எடுத்துப் போங்கள், ஆய்வகமும் தருமபுரியில்தான். மகளின் பல்லுக்குப் பள்ளி விடுமுறை வரை நேரம் இருக்கிறது. ஆய்வக அறிக்கை வந்ததும் அதிலிருக்கும் எண்ணை எனக்கு எழுதுங்கள். பையனுக்கு எவ்வளவு பேஸ்ட், வேறு என்ன தேவை என்பதை அதை வைத்துத் திருத்திச் சொல்கிறேன்.